பரிசுக்காகப் போடும் கோலம், பிடித்துப் போடும் கோலம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இரண்டையும் பார்க்கிறேன். என் மகள் அபார்ட்மென்ட் பொங்கல் போட்டிக்கு மட்டும்தான் கோலமாவைத் தொடுவாள். எதிர்வீட்டு அக்கா மார்கழி, ஆடி என்று பார்க்காமல் தினமும் போடுகிறார்.

போட்டியின் பலத்தை மறுக்க முடியாது. சிக்குக் கோலம் பக்கமே போகாத மகள், பத்தே நாளில் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளியை, அதாவது 15 புள்ளி வரிசையில் தொடங்கி இடையிடையே புள்ளி வைத்து 8 வரை குறைத்துப் போவதை, பழகிவிட்டாள். தொடங்கிவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் போட்டி முடிந்த மறுநாளே மாவு டப்பா பரணுக்குப் போய்விட்டது.

அக்காவின் வழி வேறு. ஒருநாள் காலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இழை ஓரிடத்தில் தப்பியது. அவர் அழிக்கவில்லை. அந்த வளைவையே இன்னொரு புள்ளிக்குச் சுற்றிவிட்டு, "பாரும்மா, புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மழை வந்து கலைத்தாலும் அவருக்கு வருத்தமில்லை.

1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும், பரிசு ஆசையைக் குறைக்குமா என்று படம் வரையப் பிடித்த மழலையரிடம் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடச் சுமார் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பரிசுக்காக வரைகிறோம் என்ற எண்ணம்தான் ஆசையைத் தின்றிருக்கிறது.

எனக்கு அக்காவின் வழிதான். இந்த வருடம் மகளிடம் போட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் அக்காவுக்குப் புள்ளி வைக்க அனுப்புகிறேன். நேற்று அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள், விரலெல்லாம் மாவு.