ஹன்சார்ட் இணையதளம்: உதவித்தொகை வெட்டு விவாதங்களை முழுசாகப் படிக்க

பொருளாதாரம் படுத்துவிட்ட நேரத்தில் ஒரு அரசு வேலையில்லாதவர்களின் உதவித்தொகையில் எப்படிக் கைவைக்கிறது, எந்தக் கணக்கைக் காட்டிக் கைவைக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஹன்சார்ட் இணையதளத்தைத்தான். ஹன்சார்ட் என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரப்பூர்வப் பதிவு. காசு கிடையாது, பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேலான பேச்சுகள் அப்படியே கிடக்கின்றன. இன்று ஒரு எம்.பி. பேசி முடித்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் அந்தப் பேச்சு எழுத்தில் வந்துவிடுகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று கடைசியில் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை.

செய்தியில் நமக்குக் காட்டுவதெல்லாம் அரை நிமிடத் துணுக்கு. ஒருவர் கத்துவார், எதிர்வரிசையில் கூச்சல் எழும், அவ்வளவுதான். வெட்டு எதன் அடிப்படையில் நியாயப்படுத்தப்படுகிறது என்பது அந்தத் துணுக்கில் வரவே வராது. அது அமைச்சரின் பேச்சில் நடுவில் எங்கோ, யாராவது குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் இடத்தில்தான் வெளியே வரும். அதனால்தான் முழு விவாதத்தையும் படிக்க வேண்டும் என்கிறேன்.

உதாரணத்துக்கு 2013 ஜனவரி 8ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்துப் படித்துப் பாருங்கள். 2008 நெருக்கடிக்குப் பிந்தைய சிக்கன காலம், கன்சர்வேடிவ் - லிபரல் டெமாக்ரட் கூட்டணி ஆட்சி. பெரும்பாலான உதவித்தொகைகளை வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவதை நிறுத்திவிட்டு, மூன்று வருடத்துக்கு வருடம் வெறும் 1% மட்டுமே உயர்த்துவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அதற்கான மசோதாவின் இரண்டாம் வாசிப்பு, அதாவது மசோதாவின் அடிப்படை நோக்கத்தை அவை விவாதித்து ஓட்டெடுக்கும் கட்டம், அன்று நடந்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால் பஞ்சப்படிக்கு உச்சவரம்பு போட்ட மாதிரி. அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் தரப்பின் வாதம் இதுதான்: ஐந்து வருடத்தில் வேலையில்லாதோர் உதவித்தொகை 20% ஏறிவிட்டது, வேலை செய்கிறவர்களின் சம்பளமோ அதில் பாதிதான் ஏறியது, இது நியாயமா?

கேட்டவுடனே சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 20%ஐ பவுண்டில் போட்டுப் பாருங்கள். 2007இல் வாரத்துக்கு 59.15 பவுண்டாக இருந்த தொகை 2012இல் 71 பவுண்ட் ஆனது. மொத்த ஏற்றம் 12 பவுண்ட்கூட இல்லை. முழுநேர வேலையில் இருப்பவரின் வாரச் சம்பளம் அப்போது சுமார் 500 பவுண்ட் என்னும்போது அதில் 10% ஏற்றம் என்றாலே 40 பவுண்டுக்கு மேல் போய்விடும். சதவீதத்தில் யார் அதிகம் வாங்கினார் என்று கேட்டால் ஒரு பதில், கையில் யாருக்கு அதிகம் வந்தது என்று கேட்டால் நேர் எதிரான பதில். அன்றைய விவாதத்தில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டது அடிப்படையில் இந்த இடத்தில்தான், ஆனால் துணுக்குகளில் வந்ததெல்லாம் உழைப்பவர் எதிர் சோம்பேறி என்கிற சண்டை. அந்த 1% வரம்பு குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கான வரிச்சலுகைத் தொகைகளுக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது என்பது முழுசாகப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். உழைப்பவர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டே உழைப்பவரின் தொகையிலும் கைவைத்தார்கள், அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அன்றைக்கு 324க்கு 268 என்று மசோதா தேறியது. சில மாதங்களுக்கு முன்புவரை அதே கூட்டணி ஆட்சியில் அமைச்சராக இருந்த சாரா டீதர் எழுந்து எதிர்த்துப் பேசியதைத் தவறாமல் படியுங்கள். சொந்த அரசை எதிர்த்துப் பேசுகிறவரின் பேச்சில் எதிர்க்கட்சிக்காரரின் பேச்சில் இல்லாத ஒரு கவனம் இருக்கும், ஒவ்வொரு வாக்கியத்தையும் அளந்து வைப்பார்கள். விளைவு என்ன என்றால், 71 பவுண்ட் மூன்று வருடம் கழித்து 73.10 ஆனது, அப்புறம் நான்கு வருடம் அதிலேயே உறைந்து நின்றது.

இப்போது அதே தளத்தில் 1931 செப்டம்பருக்குப் போங்கள். பழைய பதிவுகள் வருடம், மாதம், நாள் என்று வரிசையாக இருப்பதால் தேடுவது கஷ்டமில்லை. உலகப் பெருமந்தம், வேலையில்லாதவர்கள் 27 லட்சத்தைத் தாண்டியிருந்த நேரம். சர் ஜார்ஜ் மே தலைமையிலான குழு 12 கோடி பவுண்ட் பற்றாக்குறை வரும் என்று சொல்லி, வேலையில்லாதோர் உதவித்தொகையை 20% வெட்டச் சொன்னது. 10% வெட்டலாமா என்பதிலேயே லேபர் (தொழிலாளர்) கட்சி அமைச்சரவை இரண்டாக உடைந்தது. ஆகஸ்ட் 24 அன்று பிரதமர் ராம்சே மெக்டொனால்டு ராஜினாமா செய்துவிட்டு, கன்சர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு தேசிய அரசு அமைத்தார். செப்டம்பர் 8 அன்று அவை கூடியபோது, நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் எதிரெதிர் வரிசையில். புதிய அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 309க்கு 249 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் அவசர பட்ஜெட் கொண்டுவந்தார், ஒரு ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் என்றிருந்த உதவித்தொகை 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனது, அதாவது ஏறக்குறைய 10% வெட்டு.

அன்றைய நியாயம் என்ன தெரியுமா? விலைவாசி இறங்கிவிட்டது, அதனால் தொகையை வெட்டினாலும் வாங்கும் சக்தி முன்பு இருந்ததைவிடக் குறையாது என்பது. 1931இல் விலைவாசி இறங்கியதால் அதை வைத்து ஒப்பிட்டார்கள். 2013இல் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, அதை வைத்து ஒப்பிட்டால் தொகையை உயர்த்த வேண்டி வரும், அதனால் சம்பளத்தை வைத்து ஒப்பிட்டார்கள். எதோடு ஒப்பிட்டால் வெட்டு நியாயமாகத் தெரியுமோ அதோடு ஒப்பிடுவது. இதை எந்தப் பொருளாதார நிபுணரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இரண்டு விவாதங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது கண்ணில் பட்டது. இந்தத் தளத்தின் உண்மையான பலம் இதுதான். இனி எந்த நாட்டில் எந்த அமைச்சர் உதவித்தொகை அதிகம் என்று பேசினாலும், எதைவிட அதிகம் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, குறைகளுக்கு வருவோம். தேடல் வசதி சுமார்தான். உதவித்தொகை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்தால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், தேதியும் எந்த அவை என்பதும் தெரியாமல் தேடினால் பொழுது போய்விடும். ஒரே வெட்டைப் பற்றிய பேச்சு பல இடங்களில் சிதறிக் கிடப்பது இன்னொரு தொல்லை. அந்த 1% வரம்பை அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தது 2012 டிசம்பர் 5 அறிக்கையில், மசோதா விவாதம் ஜனவரியில், அப்புறம் மேலவையான பிரபுக்கள் அவை, முதல் வருட உயர்வோ மசோதாவில் இல்லாமல் தனி ஆணையாக வந்தது. இதையெல்லாம் கோத்துத் தர யாரும் இல்லை. இதற்கு மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் தேவொர்க்ஃபார்யூ தளம் கொஞ்சம் உதவும். ஒரு சொல்லையோ ஒரு எம்.பி.யையோ கொடுத்து வைத்தால் பேச்சு வரும்போது மின்னஞ்சல் அனுப்பிவிடும்.

இன்னொன்று, ஹன்சார்ட் என்பது ஒலிப்பதிவை அப்படியே எழுதியது இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னதை நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தித்தான் போடுவார்கள். படிக்க இதமாக இருக்கும், ஆனால் அவையில் எழுந்த கூச்சலும் சிரிப்பும் அடைப்புக்குறிக்குள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும். பசியைப் பற்றி ஒருவர் பேசும்போது எதிர்வரிசை எப்படி நடந்துகொண்டது என்பதும் விவாதத்தின் பகுதிதானே. பார்லிமென்ட்லைவ் டிவி தளத்தில் 2007 டிசம்பரிலிருந்து காணொளி இருக்கிறது, சந்தேகம் வருகிற இடத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1931க்கு அதுவும் கிடையாது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது வாக்கெடுப்புப் பட்டியலுக்காக. ஆதரித்தவர் பெயர், எதிர்த்தவர் பெயர் இரண்டும் அதில் இருக்கும். வேண்டுமென்றே ஓட்டுப் போடாமல் இருந்தவர் பெயர் இருக்காது. 2015 ஜூலை 20 அன்று, உதவித்தொகையை நான்கு வருடம் உறையவைக்கவும் மூன்றாவது குழந்தைக்குத் தொகையை நிறுத்தவும் வழிசெய்த மசோதா இரண்டாம் வாசிப்பில் 308க்கு 124 என்று தேறியது. லேபர் தலைமை ஓட்டுப் போடாமல் இருக்கச் சொல்லியிருந்தது, அதை மீறி 48 லேபர் எம்.பி.க்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். மற்றவர்களில் யார் தலைமை சொன்னதற்காக ஒதுங்கினார், யார் உடம்பு சரியில்லாமல் வரவில்லை என்று அந்தப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாது. ஒரு குடும்பத்தின் வாரச் செலவைத் தீர்மானிக்கிற ஓட்டில், கையைக் கட்டிக்கொண்டு இருந்ததும் ஒரு முடிவுதான். அந்தத் தொகுதியில் இருக்கிறவருக்கு அது தெரிய வேண்டும். ஓட்டுப் போடாமல் இருப்பதைப் பதிவு செய்ய எம்.பி.க்களுக்கு முறையான வழி ஒன்றை அவை ஏற்படுத்தி, ஹன்சார்ட் அந்த மூன்றாவது பட்டியலையும் வெளியிடும் நாளில் அந்த ஐந்தாவது நட்சத்திரத்தையும் கொடுத்துவிடுகிறேன்.