பட்டியலில் பெயர் இல்லை, காரணமும் இல்லை

இந்த முறை யாழ்ப்பாணம் போனபோது பெரியம்மாவின் அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் மாதாந்தக் கொடுப்பனவு) அலுவலுக்கே பாதி விடுமுறை போய்விட்டது. முந்தி இருந்த அரச உதவித் திட்டமான சமுர்த்தி எடுத்தவர். 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது பெயர் விடுபட்டது. மேன்முறையீட்டுக்கும் பதில் இல்லை.

விதானையார் (கிராம அலுவலர்) பொறுமையாகத்தான் கதைத்தார். தெரிவானவர்களின் பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். யாரும் பார்க்கலாம், தகுதியில்லாதவர் இருந்தால் ஆட்சேபனையும் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் பெயர் ஏன் இல்லை என்று கேட்டால், "கொம்பியூட்டர்தான் புள்ளி போட்டது தம்பி, எங்கட கையில ஒண்டும் இல்லை" என்றார். பிரதேச செயலகத்திலும் அதே பதில். இத்தனைக்கும் விதிமுறை ரகசியமல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. அவற்றை வைத்துத்தான் 2023இல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வரை, வறிய குடும்பத்துக்கு 8,500 வரை என்று பிரித்தார்கள்.

இதை உட்கார்ந்து விளக்க யாரும் இல்லாததால் ஊரில் கதைகள்தான் உலாவுகின்றன. சீமெந்து நிலம் போட்டால் வெட்டுவார்களாம், வெளிநாட்டில் ஆள் இருந்தால் வெட்டுவார்களாம். நான் வெளியில் இருப்பதால்தான் தனக்கு நின்றுபோனது என்று பெரியம்மா இவ்வளவு காலமும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அவருடைய வீட்டைப் பற்றிப் பதிந்த விவரங்களைக் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் ஒரே பக்கம், தமிழில் வந்தது. மின்பாவனை கூடுதலாகப் பதிவாகியிருந்தது. பக்கத்துக் காணியின் தண்ணீர் மோட்டரும் பெரியம்மா வீட்டு மீட்டரில்தான் ஓடுகிறது; கணக்கெடுக்க வந்தவர் அதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டுமென்று இவருக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு பக்கத்தை, விடுபட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்காமலே கொடுத்தால் என்ன? விவரங்கள்தான் ஏற்கனவே கையில் இருக்கின்றனவே. ஊருக்குப் போகிறவர்கள் வயதானவர்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியை அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். அதைத் தர வேண்டியது தகவல் அலுவலரின் கடமை.