கிளட்ச்சில் ஏர் எடுப்பது: பெடலா, பம்பா, சிரிஞ்சா?

கியர் போடும்போது கரகரவென்று சத்தம். பெடலை இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுப் போட்டால் அமைதியாக விழும். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில், அதாவது பெடலின் மிதி லைனிலுள்ள ஆயில் வழியாகக் கிளட்ச்சுக்குப் போகும் வண்டியில், இப்படி ஆனால், பெரும்பாலும் லைனுக்குள் காற்று புகுந்திருக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். மிதிக்கிற மிதியில் பாதி அதை நசுக்குவதிலேயே போய்விடுவதால் கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு, அதாவது கிளட்ச்சை விலக்கும் கம்பி, முழுத் தூரம் நகர்வதில்லை.

என் பழைய குவாலிஸில் ஸ்லேவ் சிலிண்டர் மாற்றிய கையோடு, ஏர் எடுக்கத் தெரிந்த எல்லா வழியையும் முயன்று பார்த்தேன். எல்லாரும் முதலில் கை வைக்கும் பெடல் முறையிலிருந்தே தொடங்குகிறேன்.

மச்சினன் சீட்டில், நான் வண்டிக்கு அடியில். "அமுக்கு" என்றால் அவன் மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் ஸ்லேவில் ஏர் வெளியேற்ற இருக்கும் சின்னத் திருகான நிப்பிளைக் கால் சுற்று திறந்து, காற்றும் ஆயிலும் சீறி வந்ததும் மூடிவிட்டு "விடு" என்பேன். மூடுவதற்கு முன்பே அவன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று அப்படியே திரும்ப உள்ளே போய்விடும். என் "பிடி" அவன் காதில் "விடு" என்று விழுந்து, இரண்டு முறை அதுதான் நடந்தது. நடுவில் "மாமா, பெடல் மேலயே வரமாட்டேங்குது" என்று வேறு கத்தினான். காற்று நிறைய இருந்தால் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பாதத்தைக் கீழே கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதுதான்.

பிரேக்குக்குப் பலித்த இந்த முறை கிளட்ச்சில் இழுத்தடிப்பதற்குக் காரணம் உண்டு. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேலே, ஸ்லேவ் கீழே. காற்று எப்போதும் மேலே ஏறத்தான் பார்க்கும். நாமோ அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். ஒரு மிதியில் நகரும் ஆயில் கொஞ்சம்தான். குமிழி ஒரு சாண் இறங்கும். அடுத்த மிதிக்குள் அரைச் சாண் ஏறிவிடும். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்: காற்று எந்தப் பக்கம் போக விரும்புகிறது, நாம் எந்தப் பக்கம் தள்ளுகிறோம்?

நிப்பிளைத் திறந்து, டியூபைப் பாட்டிலில் விட்டுச் சும்மா இருப்பது இன்னொரு வழி. மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு இருபது முப்பது நிமிடம் காத்திருந்தால் ஆயில் தானாக வடியும். லைன் நேராக இறங்கும் வண்டியில் ஓரளவு பலிக்கும். நடுவில் லைன் ஒரு மேடு ஏறி இறங்கினால் காற்று அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வரை காத்திருந்தாலும் நகராது.

வேக்குவம் பம்ப் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஒற்றை ஆளாகச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் இழுக்கிற இழுப்பில் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் டியூபுக்குள் வரும். குமிழி நிற்கவே நிற்காது; லைன் சுத்தமான பிறகும் காற்று இருப்பதாக நம்பி அரை லிட்டர் ஆயிலை வீணாக்குவோம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் கொஞ்சம் அடங்கும்.

பிரஷர் பம்பில் இந்தக் குழப்பம் இல்லை. டப்பா மூடி வழியாக 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தால் ஆயில் விடாமல் ஓடி, காற்றை ஏற விடாமல் அடித்துக்கொண்டு போகும். சிக்கல் மூடியில்தான். அது சரியாகப் பொருந்தவில்லை என்றால் ஆயில் பீய்ச்சி அடிக்கும், பெயின்ட் உரிந்துவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இப்படிச் சிந்திவிட்டுத் துடைக்காமல் கொடுத்தார்கள். வலது பக்க ஃபெண்டரில் உள்ளங்கை அளவுக்கு அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

என் ஓட்டு சிரிஞ்சுக்கு. மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்சு ஒன்று, அதில் இறுக்கமாக உட்காரும் டியூப் ஒன்று. முதலில் டப்பாவிலுள்ள பழைய ஆயிலை முக்கால்வாசி உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேலே பொங்கி வழியும். டியூப் நுனி வரை புது ஆயிலை நிரப்பி நிப்பிளில் மாட்டி, மெதுவாக மேல்நோக்கி அழுத்தினால் டப்பாவில் குமிழிகள் பொட்டுப் பொட்டென்று வெடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பெடல் முழுக்க மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாஸ்டரின் வழி அடைத்துக்கொள்ளும். ஒரே குறை, அடியில் தங்கிய அழுக்கும் மேலே போகும் என்பது. அதனால் பழைய ஆயிலை முதலில் கீழே வடித்துவிடுவது நல்லது. எனக்குப் பத்தே நிமிடத்தில் பெடல் கெட்டியானது. மச்சினன் காபி குடித்து முடிக்கவில்லை.

இவ்வளவும் ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டிக்கு. சில வண்டிகளில் அது கியர் பாக்ஸுக்குள்ளேயே, பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அங்கே பிரஷர் முறையைத்தான் எடுப்பேன். கியர் பாக்ஸை ஏற்றிப் பூட்டுவதற்கு முன் பெடலை மட்டும் தொட்டுவிடாதீர்கள்; தடுக்க எதுவும் இல்லாததால் பிஸ்டன் அளவு மீறி வெளியே வந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் மூடியில் எழுதியிருப்பதே சட்டம். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. ஈரம் உறிஞ்சினால் இரண்டுமே நன்றாகச் சரியும். போன வருடம் திறந்து வைத்த டின் வேண்டாம். டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சரி. இரண்டு நாளில் பெடல் மறுபடி இறங்கினால் திரும்ப ஏர் எடுத்துப் பயனில்லை. ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கி, உள்ளே ஆயில் கசிந்த ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால், பெடலுக்குப் பின்னால் மாஸ்டரின் ராடு உள்ளே போகும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.