நடந்து எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை மறித்துவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். புதுச்சேரியில் எடை குறைக்க நினைக்கும் பலருக்கும் அதுதான் முதல் இடம். நானும் அங்கேதான் தொடங்கினேன். டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலை, போர் நினைவுச் சின்னம் என்று வடக்கே போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர். முடித்து நிற்கும்போது கையில் கட்டிய வாட்ச் 340 கலோரி என்று காட்டும். போனில் இருக்கும் டயட் ஆப் அந்த 340ஐ வாங்கி, அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கூடுதலாகச் சேர்த்துவிடும்.

அந்த 340ஐச் சாப்பிடலாமா, விட்டுவிட வேண்டுமா? எங்கள் நடைக் கூட்டத்தில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. “கஷ்டப்பட்டுக் கரைச்சதை ஏன் திரும்ப உள்ள தள்ளணும்?” என்பார்கள் ஒரு பக்கம். “உடம்பு கேக்குறதைக் குடுத்துடணும், இல்லன்னா ஒருநாள் மொத்தமா கவுத்துடும்” என்பார்கள் மறுபக்கம். இரண்டும் எனக்கு ஒவ்வொரு காலத்தில் சரி என்றே பட்டன. ஏழு மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். வீட்டில் இரண்டு பேருக்கு நடந்ததையும் கூடவே பார்த்தேன். அதற்கப்புறம், யாராவது இந்தக் கேள்வியோடு வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆப் உங்களுக்குக் கொடுத்திருக்கும் அன்றாட எண்ணில் இந்த நடை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா?

என் கணக்கையே வைக்கிறேன். வயது 44, உயரம் 158 செ.மீ., தொடங்கியபோது எடை 72 கிலோ. பல ஆப்கள் பயன்படுத்துவது 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம். பெண்களுக்கு, எடையைப் 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, கடைசியில் 161ஐயும் கழிக்க வேண்டும். எனக்கு வந்தது சுமார் 1,327. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு அவ்வளவு செலவழிக்கும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்று குறித்தால் அதை 1.2ஆல் பெருக்குவார்கள், 1,590 வரும். ‘லேசான உடற்பயிற்சி உண்டு’ என்று குறித்தால் 1.375ஆல் பெருக்குவார்கள், 1,820க்கு மேல் வரும். நடுவில் நிற்கும் அந்த 230 கலோரி, உங்கள் நடைக்காக ஆப் முன்பணமாகவே கொடுத்துவிட்டது. நடந்து முடித்த பிறகு வாட்ச் காட்டுவதையும் சாப்பிட்டால் ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி வாங்குகிறோம்.

சரி, அந்த நடை உண்மையில் எவ்வளவுதான் எரிக்கிறது? மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடப்பது, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஏறக்குறைய 3.5 மடங்கு. உட்கார்ந்திருந்தால் மணிக்குக் கிலோவுக்கு ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. அப்படியானால் 72 கிலோவுக்கு ஒரு மணி நடை 252 கலோரி. ஆனால் அந்த நேரம் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 72 செலவாகியிருக்கும். அது அன்றாட எண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. நடையால் கூடுதலாகப் போனது 180 மட்டும். வாட்ச் சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

வாட்ச் ஏன் இவ்வளவு ஏற்றிச் சொல்கிறது என்பது நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. மணிக்கட்டு வாட்ச் பெரும்பாலும் இதயத் துடிப்பை வைத்தே கலோரியைக் கணிக்கிறது. வைகாசியில், காற்று அடங்கிய ஒரு மாலையில் இங்கே நடந்தால் வேர்வை வழியும், காயாது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாக அடிக்கும். அதே வேகம், அதே தூரம், தசை செய்யும் வேலையும் அதே. துடிப்பு மட்டும் ஏறியிருக்கிறது. வாட்ச் அதைக் கூடுதல் உழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. என் நோட்டில் மார்கழிக் காலை நடைக்கு 270, 280 என்று இருக்கிறது. மே மாத மாலையில் அதே தூரத்துக்கு 340, 350. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியிலோ, இருப்பதிலேயே சிறந்த கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். துடிப்பு எண்ணும் கருவி என்ற அளவில் அதை நம்புகிறேன். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அதனிடம் கேட்பதில்லை.

இப்போது வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தினம் 350 கலோரி குறைவாகச் சாப்பிடுவது என் இலக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற பழைய கணக்கில், மாதத்துக்கு 1.4 கிலோ கிட்ட இறங்க வேண்டும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்ற கணக்கில் அன்றாட எண் 1,240. நடந்த நாளில் என் உண்மையான செலவு 1,590உம் 180உம் சேர்த்து 1,770. வாட்ச் காட்டிய 340ஐயும் முழுக்கச் சாப்பிட்டால் 1,580 உள்ளே போகிறது, மிச்சம் 190தான். மாதம் முக்கால் கிலோகூட இறங்காது. ஒன்றுமே சேர்க்காமல் விட்டால் மிச்சம் 530. காகிதத்தில் மாதம் இரண்டு கிலோ. பாதி, அதாவது 170 சேர்த்தால் மிச்சம் 360. நான் நினைத்த இடத்துக்கு அதுதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. இனி, ‘லேசான உடற்பயிற்சி’ என்று குறித்திருந்தால்? அன்றாட எண் 1,470. அதன்மேல் வாட்ச்சின் 340 ஏறினால் 1,810. செலவு 1,770. தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்தும் 40 கலோரி அதிகமாகச் சாப்பிடுகிறோம். என் முதல் இரண்டு மாதம் அப்படியேதான் போயிற்று. தைராய்டு பரிசோதனைகூடச் செய்துகொண்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆப் அமைப்பில் ஒரு வரியை மாற்றியதும் முள் இறங்கத் தொடங்கியது.

முழுக்கச் சாப்பிடுவதற்கு எதிராக இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டை நாம் அளக்கும் விதம் வாட்ச்சைவிட ஒன்றும் துல்லியமில்லை. தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி. நடையில் கிடைத்த 180இல் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போயிற்று. உடம்பும் வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறது. தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். ஹெர்மன் பான்ட்சரும் உடனிருந்த ஆய்வாளர்களும் அவர்களுடைய ஒருநாள் மொத்தச் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், மேலை நாட்டு நகரவாசிகளின் செலவிலிருந்து அது பெரிதாக வேறுபடவில்லை. நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். காலையில் நன்றாக நடந்துவிட்டு வந்த நாளில்தான் மொட்டைமாடித் துணியை எடுக்கப் பிள்ளையை அனுப்புகிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் ஒன்றுமே சேர்க்காமல் விடுவதுதான் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் நடப்பவருக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. எனக்கு இரவு பத்து மணிக்குப் பசி வந்தது, மிக்சர் டப்பாவைத் திறந்தேன், இரண்டு கிலோ காகிதத்தோடு நின்றது. ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள் விஷயம் வேறு.

என் அக்கா பெண்ணுக்கு வயது 20. உப்பளம் விளையாட்டு அரங்கத்தில் காலையில் ஓட்டப் பயிற்சி. எடை 52 கிலோ. ஏதோ ஒரு அட்டவணையைப் பார்த்து 1,300 கலோரி என்று வைத்துக்கொண்டாள். ஓட்டத்தில் எரிந்த 500ஐத் தொடவே மாட்டாள். “சித்தி, ராத்திரி படுக்கும்போது ஆப்ல 500 மிச்சம்னு பச்சையா காட்டும். அதைப் பாக்க அவ்ளோ நல்லா இருக்கும்” என்றாள் ஒருநாள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்து ஓட முடியாமல் போனபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி செய்யும் பெண் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் போனதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். அவளுக்கு அந்த எடை சுமார் 40 கிலோ. 1,300இல் 500 போக 800. கிலோவுக்கு 20 கலோரி. இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் அதுதான் படி. இளம்பெண்களிடம் செய்த ஆய்வுகளில் இந்த எண் 30க்குக் கீழே போகும்போது ஹார்மோன்கள் குலையத் தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் கோடு இல்லை. எச்சரிக்கைப் பலகையாக வைத்துக்கொள்ளலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்தக் குறைபாட்டுக்கே தனிப் பெயர் கொடுத்து அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் இது வரும் என்று அதில் சொன்னார்கள். அவள் 30ஐத் தொடவே 1,700 சாப்பிட்டிருக்க வேண்டும். எரித்ததைத் திரும்பச் சாப்பிடுவது அவளைப் போன்றவர்களுக்குக் கட்டாயம். அதிலும் 52 கிலோ இருக்கும் பிள்ளைக்கு எடைக் குறைப்பே எதற்கு என்ற கேள்வி அக்காவை இன்றைக்கும் வாட்டுகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தம்பி இன்னொரு வகை. வாரநாளில் உட்கார்ந்த வேலை. ஞாயிறு காலை சைக்கிளில் புதுச்சேரி வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். போக வர இரண்டரை மணி நேர மிதி. 80 கிலோ எடைக்கு அது கூடுதலாக 1,400 கலோரி வரை போகும். டயட் தொடங்கிய புதிதில் வாரநாள் அளவையே ஞாயிறும் வைத்துக்கொண்டு வந்தான். திரும்பும் வழியில் கிருமாம்பாக்கம் தாண்டும்போது கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டான். லாரி ஓடும் சாலை அது. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. இப்போது கிளம்புமுன் நான்கு இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும், மதியம் முழுச் சாப்பாடு. மொத்தம் 800, 900 கூடுதலாகப் போகும். மீதியை விட்டுவிடுகிறான்.

வாரக் கணக்கு என்று நான்காவது வழியும் இருக்கிறது. வாட்ச்சையும் ஆப்பையும் பிரித்துவிட்டு, நடையையும் உள்ளடக்கிய ஒரே எண்ணைத் தினமும் சாப்பிடுவது. எனக்கு 1,470. வாரம் ஐந்து நாள் நடந்தால் சராசரி மிச்சம் 250 சொச்சம். நடக்காத நாளில் “இன்னிக்கு நடக்கலையே, சாப்பிடக் கூடாதே” என்ற குற்ற உணர்வு இல்லை. நடந்த நாளில் பரிசு தேடும் எண்ணமும் இல்லை. தினமும் ஒரே மாதிரி நடப்பவர்களுக்கு நான் பாதிக் கணக்கைவிட இதையே சொல்வேன். மழைக்காலத்தில்தான் இது காலை வாரும். ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் என்று பத்து நாள் வீட்டோடு கிடந்தால் எண்ணைக் குறைக்க மறந்துவிடுகிறோம். தம்பி மாதிரி ஒருநாள் மலையும் மறுநாள் மடுவுமாக இருப்பவர்களுக்கும் இது சரிவராது.

எந்த வழி என்றாலும் நான்கு வாரம் மாற்றாமல் வைத்துப் பாருங்கள். தினம் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் அடுத்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு என்றால் உப்பு இழுத்த தண்ணீரிலேயே காலையில் ஒரு கிலோ ஏறிக் காட்டும். அது கொழுப்பு இல்லை. நினைத்ததைவிட வேகமாக இறங்கி, தூக்கமும் கெட்டு, மாடிப்படியில் மூச்சு வாங்கினால் 100, 150 கூட்டிக்கொள்ளுங்கள். அசையவே இல்லை என்றால் முதலில் அந்த ‘லேசான உடற்பயிற்சி’ வரியைப் பாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தக் கணக்கு எதையும் தாங்களாகப் போட வேண்டாம். நடந்துவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். மருத்துவரிடம் கேட்டு மருந்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

திரும்பச் சாப்பிடும் அந்த 170ஐ எதில் செலவழிப்பது என்பதும் உண்டு. அவித்த முட்டை இரண்டு 150 வரும். நூறு கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 160, 170. இரண்டிலும் புரதம் இருக்கிறது, இரவு வரை பசி தாங்கும். ஒரு பரோட்டா, குருமா இல்லாமலே 200ஐத் தாண்டும். ஒன்றோடு யாரும் எழுந்ததில்லை.

அக்கா பெண் டாக்டர் சொன்னபடி நான்கு மாதம் ஓடவில்லை. அந்த ஆப்பை அவளே எடுத்துவிட்டாள். இப்போது மறுபடி உப்பளம் போகிறாள். பையில் வாழைப்பழமும் வேர்க்கடலையும் இருக்கிறதா என்று அக்கா வாசலிலேயே நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.