2டி கேமுக்குத் துகள் தண்ணீர்: எந்த முறை கட்டுப்படியாகும்?

சொந்தமாக எஞ்சின் எழுதி, அதில் துகள்களால் தண்ணீர் ஓடவைக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது எஸ்பிஎச் (SPH, ஸ்மூத்டு பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்) முறையிடம்தான், அதிலும் 2003இல் முல்லர், சாரிபார், கிராஸ் மூவரும் எழுதிய கட்டுரையிடம். அக்கம்பக்கத் துகள்களை வைத்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து அழுத்தம், அழுத்தத்திலிருந்து விசை, அவ்வளவுதான். எழுதுவது சுலபம், அதைத் தண்ணீர் மாதிரி நடக்க வைப்பதுதான் பெரும்பாடு.

எஸ்பிஎச் 1977இல் விண்மீன்களைக் கணக்கிட வந்த முறை. விண்மீனின் வாயு அமுங்கலாம், தண்ணீர் அமுங்கக் கூடாது, சிக்கலே அங்கேதான். அடர்த்தி எவ்வளவு கூடியிருக்கிறதோ அதை ஒரு விறைப்பு எண்ணால் பெருக்கித்தான் அழுத்தம் வருகிறது. அந்த எண்ணைக் குறைத்தால் தொட்டியின் அடியில் துகள்கள் நசுங்கி, மொத்தத் தண்ணீரும் பஞ்சு மெத்தை மாதிரி மேலும் கீழும் ஆடும். கூட்டினால் டைம்ஸ்டெப்பை, அதாவது ஒரு தடவை கணக்கிட்டு நகர்த்தும் நேரத் துண்டை, பொடியாக நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலைந்து ஃப்ரேமிலேயே துகள்கள் திரையைவிட்டுப் பறந்துவிடும். இன்னொரு பொறி: கட்டுரையிலுள்ள கெர்னல் (தூரத்தைப் பொறுத்துப் பக்கத்துத் துகளுக்கு எடை கொடுக்கும் சார்பு) மாறிலிகள் 3டிக்கானவை. அதிலுள்ள பாலி6 என்ற கெர்னலின் மாறிலியில், ஆரத்தின் (எவ்வளவு தூரம்வரை பக்கத்துத் துகள் என்று கொள்வது) அடுக்கு 3டியில் 9, 2டியில் 8. அப்படியே எடுத்து ஒட்டினால் அடர்த்தி எண்கள் அர்த்தமில்லாமல் வரும், நாம் விறைப்பு எண்ணைத் திருகிக்கொண்டே இருப்போம்.

என் ஓட்டு 2005இல் சைமன் கிளாவே குழுவினர் கொடுத்த இரட்டை அடர்த்தி முறைக்கு. இதில் அழுத்த விசையே கிடையாது. துகளை முதலில் நகர்த்திவிட்டு, அடர்த்தி பார்த்து, பக்கத்துத் துகளோடு ஆளுக்குப் பாதியாக இடத்தைத் தள்ளிவைக்கிறோம், அப்புறம் புது இடத்துக்கும் பழைய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டைம்ஸ்டெப்பால் வகுத்தால் அதுதான் வேகம். அடர்த்தி இரண்டு வகை. ஒன்று, தூரம் கூடக்கூட வர்க்கமாகக் குறைவது. துகள்கள் விலகியிருந்தால் இது இழுக்கவும் செய்யும். மற்றது, மும்மடியாகக் குறைவது. இது எப்போதும் தள்ள மட்டுமே செய்யும், அதனால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்வதில்லை. இந்த இழுபறியிலேயே பரப்பு இழுவிசை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது, சொட்டு உருண்டு நிற்கும், எஸ்பிஎச்சில் அதற்குத் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும். குறை இல்லாமல் இல்லை: டைம்ஸ்டெப்பை மாற்றினால் தண்ணீரின் குணமே மாறும், துகள்களை ஒவ்வொன்றாக வரிசையில் தள்ளுவதால், பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) ஒத்துவராது.

ஜிபியுதான் வேண்டும் என்றால் 2013இல் மேக்லினும் முல்லரும் கொண்டுவந்த பிபிஎஃப் (PBF, பொசிஷன் பேஸ்டு ஃப்ளூயிட்ஸ்). இதுவும் இடத்தைத்தான் திருத்துகிறது, ஆனால் எல்லாத் துகளின் திருத்தத்தையும் கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் நகர்த்தும். பெரிய டைம்ஸ்டெப்பையும் தாங்கும். ஃப்ரேமுக்குச் சில சுற்றுகள் ஓட்ட வேண்டும், சுற்றைக் குறைத்தால் தண்ணீர் திரும்ப மெத்தையாகும். சுழல்கள் சீக்கிரம் அடங்கிவிடும், அவற்றைச் செயற்கையாகத் தூண்டிவிட வேண்டியிருக்கும்.

ஃப்ளிப் (FLIP) என்ற முறை வேறு குடும்பம். துகள் வேகத்தைச் சுமக்கும், அமுங்காமல் பார்த்துக்கொள்வது, இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த கட்டவலையின் வேலை. திரை நிறையத் தண்ணீர் என்றால் இதுதான் சரி, நாலு வாளித் தண்ணீருக்கு அழுத்தச் சமன்பாடு தீர்க்கும் கோடெல்லாம் எழுத எனக்குப் பொறுமையில்லை. நொய்ட்டா கேமில் வருவது போன்ற தண்ணீர் வேண்டும் என்பவர்களுக்கு இவை எதுவுமே வேண்டாம், அது பிக்சல் பிக்சலாக விதி வைத்து நகர்த்துவது.

ஃப்ளிப் தவிர மற்ற மூன்றுக்கும் பொதுவான செலவு பக்கத்துத் துகளைத் தேடுவது. 2,000 துகளை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 20 லட்சம் ஜோடி. கெர்னல் ஆரத்தின் அளவுக்கே கட்டம் போட்டு, சுற்றியுள்ள 9 கட்டங்களை மட்டும் பாருங்கள். இதை முதலில் எழுதிவிட்டால் மேலே எந்த முறையைப் பொருத்திப் பார்ப்பதும் ஒரு ஃபங்ஷனை மாற்றுகிற வேலைதான்.