"சாயம் இல்லாத அகேட்" என்று சொல்லி விற்கும் சரங்கள்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மணி கோத்து நகை செய்து விற்பவர்கள் கவனத்துக்கு. குஜராத்தில் கல் தீட்டும் தொழிலுக்குப் பேர்போன கம்பாத்திலிருந்து நேரடியாக அனுப்புவதாகச் சொன்ன ஓர் ஆன்லைன் வியாபாரியிடம், அகேட் என்ற கல்லில் செய்த, கோடு ஓடிய மணிச் சரங்கள் வாங்கினேன். ராசிக்கல் கடைகளில் சுலைமானிக் கல் என்பார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கல்லோடு நீலமும் ரோஸும். எல்லாமே இயற்கை நிறம், சாயமே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொல்லித்தான் விற்றார்.

ரோஸ் மாலையை என்னிடம் வாங்கிய அக்கா அதைக் கல்யாணத்துக்குப் போட்டுப் போயிருக்கிறார். வியர்வை பட்டு, ரவிக்கையின் கழுத்துப் பக்கமெல்லாம் கறை. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிச் சரத்தை லென்ஸில் பார்த்தேன். சில மணிகளுக்குள் உருண்டையான காற்றுக் குமிழிகள்! அது அகேட்டே இல்லை, கண்ணாடி.

வியாபாரியைக் கேட்டால், "கல்லோட தன்மையே அப்படித்தான் மேடம்" என்றார். அப்புறம், சரத்தை அறுத்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். அறுக்காமல் எப்படி நகை செய்வது? அதற்குப் பதில் இல்லை, என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

சாயம் ஏற்றுவதையே நான் குறை சொல்லவில்லை. அகேட்டில் நுண்துளைகள் உண்டு, சாயம் ஏறும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதைச் செய்கிறார்கள். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் போட்டால் கறுப்பு, இரும்பு உப்புகளால் சிவப்பும் நீலமும், குரோமிய உப்பால் பச்சை. கம்பாத்தில் ரத்தன்பூர்ப் பக்கத்துக் கல்லைச் சுட்டுத்தான் சூதுபவளச் சிவப்பைக் கொண்டுவருகிறார்கள். இவையெல்லாம் எளிதில் போகாத நிறங்கள். சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். மறைத்து விற்பதும், நடுவே கண்ணாடியைக் கோத்துவிடுவதும்தான் மோசடி. தலைமுறை தலைமுறையாக அங்கே கல் தீட்டிப் பிழைக்கும் குடும்பங்களின் பெயரும் இதில் கெடுகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கும் திரவம்) தொட்டு மணியின் துளையோரம் தேயுங்கள். ரோஸ், ஊதாவுக்குப் போடும் மலிவுச் சாயம் பெரும்பாலும் பஞ்சில் ஒட்டும், வெயிலிலும் வெளுக்கும். ஆனால் பஞ்சில் ஒட்டவில்லை என்பதற்காக இயற்கை நிறம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன உப்புச் சாயங்கள் அசிட்டோனுக்கு அசையாது. லென்ஸில் விரிசல்களைப் பாருங்கள், நிறம் அங்கே அடர்த்தியாகத் தேங்கியிருந்தால் சாயம்தான். பளீர் நீலம், பளீர் ரோஸ் என்றால் யார் என்ன சொன்னாலும் சந்தேகப்படுங்கள். இயற்கையான நீல லேஸ் அகேட் வெளிறிய நீலமாகத்தான் இருக்கும்.

கையில் குளிர்ச்சியாக, கனமாக இருந்தால் அசல் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அது பிளாஸ்டிக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியும் குளிரும், எடையும் ஏறக்குறைய அகேட்டின் எடைதான்.

மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு சரம் வரவழையுங்கள். "சாயம் ஏற்றாதது" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் நான் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி சரம் உங்களுக்கும் வந்திருந்தால் நீங்களும் கொடுங்கள்.