திரைக்கு முன்னால் இரண்டரை மணி நேரம்: மலங்கரா ஆர்த்தடாக்ஸ் குர்பானா

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் தேவாலய வழிபாடு என்று பார்த்திருப்பது பெரும்பாலும் கத்தோலிக்கத் திருப்பலியாகவோ, சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆராதனையாகவோ, பெந்தெகொஸ்தே கூட்டமாகவோ இருக்கும். கேரளத்தின் மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சுரியானி சபையின் ஞாயிறு குர்பானாவை, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் வைத்துச் செய்யும் நற்கருணை வழிபாட்டை, இவற்றில் எதை வைத்தும் அளக்க முடியாது. முதல் அரைமணி நேரம் பீடமே கண்ணில் படாது, திரை மூடியிருக்கும். பாதிரியார் பெரும்பகுதி நேரம் மக்களுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நிற்பார். புதியவரை வரவேற்று, இப்போது இன்னது நடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் கிறிஸ்தவ வழிபாட்டின் பழைய வடிவம் ஒன்றை உயிரோடு பார்க்க விரும்பும் தமிழருக்கு, பக்கத்திலேயே கிடைப்பதில் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆயத்தமில்லாமல் போனால் கால் வலி மட்டும் மிஞ்சும், அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் பெயர்ப்பலகையைச் சரியாகப் படிக்க வேண்டும். கேரளத்தில் தேவாலயத்துக்குப் 'பள்ளி' என்றுதான் பெயர். திருவிழா என்றால் 'பெருநாள்'. ஒரே ஊரில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா, மார்த்தோமா, சீரோ மலபார், சீரோ மலங்கரா என்று ஐந்து பள்ளிகள் வரிசையாக இருக்கக்கூடும். எல்லாருமே இயேசுவின் சீடர் தோமாவின் வழிவந்தவர்கள் என்று சொல்வார்கள். சீரோ மலபாரும் சீரோ மலங்கராவும் ரோமாபுரிப் போப்பின் கீழ் உள்ளவை. மார்த்தோமா சபை 19-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் உருவானது. வழிபாட்டின் எலும்புக்கூடு அங்கும் இதுவே, ஆனால் புனிதர்களை நோக்கிய மன்றாட்டுகளை எடுத்துவிட்டார்கள். ஆர்த்தடாக்ஸுக்கும் யாக்கோபாயாவுக்கும் குர்பானா முறை ஏறக்குறைய ஒன்றேதான். பிணக்கு முழுவதும் அதிகாரம் பற்றியது: ஒருவருக்குத் தலைமை கோட்டயம் தேவலோகத்தில் இருக்கும் காதோலிக்கா, மற்றவருக்கு அந்தியோக்கியாவின் சுரியானிப் பாத்திரியர்க்கீஸ். நீதிமன்றங்களில் பல தலைமுறையாக நடந்த வழக்கு இது. முதல் நாளே பக்கத்தில் நிற்பவரிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், உண்மையிலேயே புண்பட்ட இடம் அது.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக ஞாயிறு ஏழு, ஏழரைக்குக் காலை ஜெபம் தொடங்கும். அது முடிந்ததும் திரைக்குப் பின்னால் பாதிரியார் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஆயத்தம் செய்வார். அந்த நேரத்தில் வெளியே பழைய ஏற்பாட்டு வாசிப்புகள் நடக்கும். பிறகு திரை திறந்து குர்பானா தொடங்கும். காலை ஜெபத்திலிருந்து கணக்கிட்டால் இரண்டரை மணி நேரம், பிரசங்கம் நீண்டால் மூன்று. முதல் முறை போகிறவர் காலை ஜெபம் பாதி ஓடும்போது உள்ளே போவது நல்லது. திரை திறக்கும் கணத்தைத் தவறவிடக் கூடாது. மணியும், மெழுகுவர்த்தி வெளிச்சமும், தூபப் புகையும், சட்டென்று எழும் பாட்டும் சேர்ந்து வரும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மூடிய திரை முன்னால் அவ்வளவு நேரம் நிற்கிறார்கள். தாமதமாக வந்து திறந்த திரையைப் பார்ப்பவருக்கு இதில் பாதி போய்விடும்.

செருப்பு வாசலில். ஆண்களுக்கு வேட்டியோ முழுக்கால் சட்டையோ, பெண்களுக்குத் தலையை மூட முந்தானையோ துப்பட்டாவோ. வழுக்கும் துணியாக இருந்தால் ஒரு ஊசி குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வழிபாடு முழுக்கத் துணியைச் சரிசெய்வதிலேயே போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். எந்தப் பக்கம் எவருக்கு என்பது உள்ளே பார்த்தாலே தெரிந்துவிடும். தம்பதியாகப் போகிறவர்கள் வெளியே சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க நல்ல இடம், பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், சுவரோரமாக. நடு வழியில் நிற்காதீர்கள், தூபக்கலசத்தோடும் பவனியோடும் அந்த வழியாகத்தான் வருவார்கள். கடைசி வரிசைக்கும் ஒதுங்காதீர்கள்: எப்போது குனிய வேண்டும், எப்போது சிலுவை வரைய வேண்டும் என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆட்கள் வேண்டும். கடைசி வரிசையில் குழந்தைகளைச் சமாளிப்பவர்களும் வெளியே போய் வருபவர்களும்தான் இருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர் பக்கவாசலை ஒட்டி நிற்க வேண்டும், குந்திரிக்கப் புகை தாராளமாக இருக்கும். உட்கார பழைய பள்ளிகளில் இருக்கை கிடையாது. இப்போது பல இடங்களில் பின்னாலும் ஓரத்திலும் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். முடியாதவர் உட்கார்ந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிரசங்கத்துக்கு எல்லாருமே உட்காருவார்கள். நற்கருணை வாங்குபவர்கள் வெறும் வயிற்றோடு வருவது வழக்கம். அதைக் கேள்விப்பட்டு மரியாதைக்காகப் பட்டினியாக வரும் விருந்தினர்தான் இரண்டாம் மணி நேரத்தில் புகைக்கும் வெக்கைக்கும் இடையில் தலைசுற்றிப் போவார். இரண்டு இட்லி சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

மொழி மலையாளம், இடையிடையே சுரியானி என்ற பழைய மொழி, கொஞ்சம் கிரேக்கம். தமிழ்க் காதுக்கு மலையாளப் பகுதி பாதிக்கு மேல் புரியும். புரியாத இடத்தில் மூன்று சொற்கள் கைகொடுக்கும். 'பாரெக்மோர்' என்றால் 'ஆசீர்வதியும், என் ஆண்டவரே'. ஒரு ஜெபம் தொடங்கப்போகிறது என்பதற்கு அடையாளம். 'ஸ்தௌமென் காலோஸ்' என்று பணிவிடைக்காரர் உரக்கச் சொன்னால் 'நன்றாக நிற்போம்' என்று பொருள். அதற்கு மக்கள் தரும் பதில் 'குரியேலாயிசோன்', 'ஆண்டவரே இரக்கமாயிரும்'. இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் சபையோடு சேர்ந்து பலமுறை வாய் திறக்கலாம். வெறுமனே வேடிக்கை பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குர்பானாப் புத்தகம் கையில் கிடைத்தாலும் அதற்குள் தலையைப் புதைக்காதீர்கள். பாதிரியார் தாழ்ந்த குரலில் சொல்லும் ஜெபங்களும் அதில் இருக்கும், பாட்டு ஓடும்போதே அவை நடக்கும். பக்கத்தைத் தொலைத்துத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

திரை திறந்தவுடன் பாதிரியாரும் பணிவிடைக்காரர்களும் பீடத்தைச் சுற்றி வருவார்கள். அடுத்து 'பரிசுத்தமானவர்' என்ற மூன்று முறைத் துதி. 'எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரே' என்று அதில் சேர்த்துச் சொல்வது சுரியானி மரபின் அடையாளங்களில் ஒன்று, ஒவ்வொரு முறையும் சிலுவை வரைவார்கள். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று கத்தோலிக்கர் வரைகிற திசைதான். பிறகு நிருபங்கள், சுவிசேஷம், தூபம், நிசேயா விசுவாசப் பிரமாணம். கத்தோலிக்கர் கவனித்துக் கேட்டால் ஒரு சொல் குறைவதை உணர்வார்: தூய ஆவியானவர் தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்பதோடு நின்றுவிடும், 'மகனிடமிருந்தும்' வராது. கிழக்கும் மேற்கும் பிரிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்த ஒரு சொல்லும் உண்டு.

அடுத்து வருவது சமாதானம், 'கையசூரி'. வழிபாட்டிலேயே புதியவர் நேரடியாகப் பங்குபெறும் இடம் இதுதான், தடுமாறுவதும் இங்கேதான். சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டு, பணிவிடைக்காரர் வழியாக முதல் வரிசைக்கு வந்து, கையிலிருந்து கைக்கு மாறிப் பின்னால் வரும். முன்னால் நிற்பவர் திரும்பிக் கூப்பிய கைகளை நீட்டுவார். உங்கள் இரு உள்ளங்கைகளுக்கு இடையே அவற்றை மெல்ல வாங்கி விடுவித்து, அதேபோல் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். குலுக்கக் கூடாது, இறுகப் பிடிக்கவும் கூடாது. வாங்காமல் முந்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. உங்களிடம் வரும்வரை காத்திருங்கள். கிறிஸ்தவரல்லாதவருக்கும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். ஒன்றும் விளக்காத இந்த வழிபாடு புதியவரை வரவேற்பது இந்த ஒரு தொடுதலில்தான். எந்த வரவேற்புரையையும்விட இது மேல்.

அதற்குப் பின் அப்பத்தையும் கிண்ணத்தையும் மூடிய துணியை, சோசப்பா என்பார்கள், பாதிரியார் உயர்த்தி அசைத்து எடுப்பார். கல்லறைக் கல் புரண்டதற்கு அடையாளம் என்று விளக்கம் சொல்வார்கள். இதிலிருந்து முக்கால் மணி நேரம் உச்சம். நீண்ட கோலின் நுனியில் வட்டத் தகடும் அதைச் சுற்றிச் சிறு சலங்கைகளும் கட்டிய மர்பஹாசாவை முக்கியமான இடங்களில் ஆட்டுவார்கள், தேவதூதரின் இறக்கை ஒலி அது. தூய ஆவியை அழைக்கும் ஜெபத்தில் பாதிரியார் அப்பத்தின் மேல் கைகளைப் புறாச் சிறகுபோல அசைத்து, மண்டியிட்டு, ஆண்டவரே எனக்கு மறுமொழி தாரும் என்று மூன்று முறை மன்றாடுவார். சபை மூன்று முறை குரியேலாயிசோன் சொல்லும். அந்த நேரத்தில் நடமாடாதீர்கள், கைபேசியை எடுக்காதீர்கள். இருமல் வந்தால்கூட முன்னதாகவே வெளியே போய்விடுங்கள்.

பாதிரியார் மண்டியிடும்போது மக்கள் மண்டியிடாதது சிலருக்கு வியப்பாக இருக்கும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று முழங்காலிடக் கூடாது என்பது 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர் சங்கத்தின் விதி. இங்கே அதை இன்றும் காக்கிறார்கள். ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையும் அப்படியே. தலை குனிந்து நின்றால் போதும்.

அப்பம் பிட்கும்போதும், பாதிரியார் தாம் உட்கொள்ளும்போதும் திரை மறுபடி மூடும். முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். அது திறந்ததும் நற்கருணை வெளியே வரும்: புளித்த மாவில் சுட்ட அப்பத்தை ரசத்தில் தோய்த்து நேரே வாயில் கொடுப்பார்கள். திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தைகளுக்கும் உண்டு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ.க்காரர் போன்ற வேறு சபையினருக்குக் கிடையாது. இதை யாரும் அறிவிக்கமாட்டார்கள் என்பதால் பலர் பழக்கத்தில் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். பாதிரியார் அங்கேயே மெல்லக் கேட்டு மறுக்க நேரும்போது இருவருக்கும் சங்கடம். நின்ற இடத்திலேயே இருங்கள். எல்லாம் முடிந்தபின் வரும் 'கைமுத்து' வரிசை வேறு. அதில் விருந்தினரும் போகலாம்: காணிக்கையைத் தட்டில் போட்டு, தலை குனிந்து ஆசி வாங்கிக்கொண்டு நகர வேண்டும். பத்து ரூபாய் போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் பார்ப்பதில்லை. பாதிரியாரை 'அச்சன்' என்று அழையுங்கள், அவருக்கு மனைவி மக்கள் இருந்தால் வியக்காதீர்கள். பட்டம் பெறும் முன் மணந்துகொள்ள இந்தச் சபையில் அனுமதி உண்டு. ஆயர்கள் மட்டும் துறவிகள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நல்ல குரல்கள் கூடிப் பாடும் இடத்தில்கூட ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்து, இரண்டு பேர் குரல் சபையின் குரலை மூழ்கடிப்பது பல பள்ளிகளில் நடக்கிறது. சுரியானிப் பாட்டு எட்டு 'நிறங்களில்' அமைந்தது. வாரத்துக்கு ஒரு நிறமாக மெட்டு மாறிவரும். கீபோர்டின் தாளத்தை அதன் மேல் ஏற்றும்போது அந்த நுட்பம் தேய்ந்துபோகிறது. புதியவர் கையில் கொடுக்க ஒரு பக்கக் குறிப்புகூட இல்லாதது இன்னொரு குறை. நற்கருணை விதியை மட்டுமாவது வாசலில் எழுதிவைத்தால் எத்தனையோ பேரின் மனவருத்தம் தவிரும்.

எங்கே போவது? சென்னை, கோவை போன்ற நகரங்களில் இந்தச் சபைக்குப் பள்ளிகள் உண்டு. நகரப் பள்ளிகளில் சில ஞாயிறுகளில் ஆங்கிலக் குர்பானாவும் வைப்பார்கள். அதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெட்டும் சொல்லும் ஒட்டி நிற்பது மலையாளத்தில்தான். கேரளம் போகிறவர்களுக்குக் கோட்டயம் செரிய பள்ளி: 1579-இல் எழுந்தது, பீடச் சுவர் ஓவியங்களுக்காகவே பார்க்கலாம். பருமலையில் 1902-இல் மறைந்த, இந்தச் சபை புனிதராகப் போற்றும் ஆயர் மார் கிரிகோரியோஸ் திருமேனியின் கல்லறை இருக்கிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் பெருநாள், ஆனால் முதல் அனுபவத்துக்கு அந்தக் கூட்டம் வேண்டாம், திரையைக்கூடப் பார்க்க முடியாது. நாற்பது ஐம்பது குடும்பங்கள் வரும் ஒரு சாதாரணப் பள்ளியே போதும்.

மூன்று மணி நேரம் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை மாலை சந்தியா ஜெபத்துக்குப் போய்ப் பாருங்கள். சபைக் கணக்கில் ஞாயிறு அப்போதே தொடங்கிவிடுகிறது. முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், கூட்டம் இருக்காது, அதே பாட்டு, அதே தூபம். முடிந்ததும் விளக்கணைக்க வரும் பள்ளிப் பணியாளரான கப்யாரிடம் மறுநாள் திரை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம்.